ஐப்பசி நெல்லை நனைய விடோம்!

(கீழத் தஞ்சைக் கிராமம் ஒன்றில், குறுவை அறுவடைக்கு முன், விவசாயத் தொழிலாளர்களும் ஆலைத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



மேடைக்கு வருவதற்கு முன்னால் உங்கள் ஊர் வயல்களை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தேன். வாய்க்காலுக்கு மேற்கே குறுவை தலை கவிழ்ந்து நிற்கிறது. கதிரைக் கையில் எடுத்தால் மணி கனக்கிறது. கிழக்கே நேரடி விதைப்பில் போட்ட சம்பா முழங்கால் உயரம் வந்து தூர் கட்டிக்கொண்டிருக்கிறது. தெற்கே ஒரு மூலையில் தாளடிக்கு நாற்று விட்டிருக்கிறார்கள். நல்ல விளைச்சல். நெஞ்சுக்கு நிறைவாக இருந்தது.

ஆனால் வரப்பில் நின்ற ஒரு பெரியவரிடம், "வெள்ளாமை நன்றாக இருக்கிறதே, ஐயா" என்றேன். அவர் வயலைப் பார்க்கவில்லை. வானத்தைப் பார்த்தார். "வீடு வந்து சேரட்டும் தம்பி, அப்புறம் பேசுவோம்" என்றார்.

அந்த ஒரு வார்த்தையைப் பற்றித்தான் நான் இன்று பேச வந்திருக்கிறேன். விளைந்த நெல் ஏன் வீடு வந்து சேருவதில்லை? வயலில் ஜெயித்த விவசாயி களத்தில் ஏன் தோற்கிறான்? "மழை பெய்தது, நனைந்தது, என்ன செய்வது" என்று சொல்லி எல்லோரும் கையை விரித்துவிடுகிறார்கள். மழை மீது பழி போடுவது சுலபம். மழைக்கு வாய் கிடையாது, அது வந்து பதில் சொல்லாது. நாம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு மழை, மூன்று பயிர்

வடகிழக்குப் பருவமழை புதிதாக வந்த விருந்தாளி அல்ல. அக்டோபர் மாதத்தின் மூன்றாவது வாரத்தையொட்டி வரும், டிசம்பர் வரை இருக்கும் என்பது நம் பாட்டன் பூட்டனுக்கே தெரியும். தமிழ்நாட்டுக்கு ஒரு வருஷத்தில் கிடைக்கும் மழையில் கிட்டத்தட்டப் பாதி இந்த மூன்று மாதத்தில்தான் பெய்கிறது.

இந்த மழை வரும்போது நம் வயலில் மூன்று விதமான பயிர் இருக்கிறது. குறுவை, 110 நாள் பயிர், அறுவடைக்கு நிற்கிறது. அதற்கு இப்போது ஒரு சொட்டுத் தண்ணீரும் வேண்டாம், வெயில் வேண்டும். சம்பா தூர் கட்டும் பருவத்தில் இருக்கிறது. அதற்கு மழை வேண்டும், ஆனால் வடிய வேண்டும். தாளடியோ நட்டு நாலு நாள் ஆன பச்சைக் குழந்தை. தலைக்கு மேல் தண்ணீர் ஏறி ஒரு வாரம் நின்றால் நாற்று அழுகிப் போகும், மறுபடியும் நாற்றுத் தேடி அலைய வேண்டும்.

ஆகவே "இந்த வருஷம் மழை நல்லதா, கெட்டதா?" என்று பொதுவாகக் கேட்பதில் அர்த்தமில்லை. எந்த வயலில், எந்தப் பயிரில், எத்தனை நாள் நிற்கிறது என்று கேட்க வேண்டும். 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் சுமார் 44 சென்டிமீட்டர் மழை கொட்டியது. இளம் பயிர் கடலுக்குள் போனது போல முழுகியது. 2023 பிப்ரவரியிலோ கதிர் முற்றிய சம்பா அறுக்கும் நேரத்தில் மழை வந்து சாய்த்தது. இரண்டும் மழைதான். முதலாவதில் வேண்டியது வடிகால். இரண்டாவதில் வேண்டியது உலர்த்தக் களமும் உடனடிக் கொள்முதலும். மருந்து வேறு, நோய் வேறு.

அறுவடை மழைக்குள் போய் விழுவது எப்படி?

மேட்டூர் அணை கட்டி முடிந்தது 1934-ல். முழு நீர்மட்டம் 120 அடி, 93.47 டி.எம்.சி. கொள்ளளவு. ஜூன் 12-ல் திறப்பது வழக்கம். அந்தத் தேதிக்கு ஒரு காரணம் உண்டு. அன்றைக்குத் திறந்தால் கல்லணை தாண்டி வாய்க்காலில் தண்ணீர் வந்து, ஆனி, ஆடியில் நட்டு, புரட்டாசிக் கடைசியிலும் ஐப்பசி முதலிலும் அறுத்துவிடலாம். மழை முழுவேகம் பிடிப்பதற்குள் நெல் கரை ஏறிவிடும். தண்ணீர் ஒரு மாதம் தள்ளிப் போனால், அறுவடையும் ஒரு மாதம் தள்ளிப் போய் அடைமழையின் வாய்க்குள் விழும்.

2023-ல் ஜூன் 12-ல் திறந்தார்கள். ஆனால் தொடர்ந்து விடத் தண்ணீர் இல்லை, அக்டோபர் 10-ல் மூடிவிட்டார்கள். கடைமடையில் குறுவை கருகியது. ஹெக்டேருக்கு 13,500 ரூபாய் நிவாரணம் என்று அரசு அறிவித்தது. 2024-ல் ஜூலை 28-ல்தான் திறக்க முடிந்தது. 2025-ல் ஜூன் 12-லேயே திறந்தார்கள், தண்ணீர் தாராளமாக வந்தது, குறுவையும் அமோகமாக விளைந்தது. அந்த அக்டோபரில் என்ன நடந்தது? கொள்முதல் நிலைய வாசலில் நெல் மலையாகக் குவிந்து, மழையில் நனைந்து, முளைத்தது. தண்ணீர் இல்லாத வருஷம் வயலில் நஷ்டம், தண்ணீர் வந்த வருஷம் வாசலில் நஷ்டம்! விளையாவிட்டாலும் அழுகை, விளைந்தாலும் அழுகை! இது என்ன நியாயம், தோழர்களே?

இருபது ஏக்கர் கணக்கு

இப்போது நான் சொன்ன கணக்குக்கு வருகிறேன். எல்லோரும் கூடவே விரல் மடக்கிக்கொள்ளுங்கள்.

ஏக்கருக்கு இரண்டு டன் விளைகிறது என்று வைத்துக்கொள்வோம். கொள்முதலில் மூட்டைக்கு 40 கிலோ. ஆக ஏக்கருக்கு 50 மூட்டை. ஒரு கொள்முதல் நிலையத்தில் நாளொன்றுக்கு ஆயிரம் மூட்டை எடை போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் மூட்டை என்றால் இருபது ஏக்கர் நெல்.

முன்காலத்தில் அறுவாளால் அறுத்தோம். ஓர் ஊர் அறுவடை முடிய ஒரு மாதம் ஆகும். இன்றைக்கு என்ன? ஐந்து பெல்ட் மெஷின் ஊருக்குள் இறங்குகிறது. ஒரு மெஷின் நாளைக்கு எட்டு ஏக்கர் அறுத்தால், ஐந்தும் சேர்ந்து நாற்பது ஏக்கர். நாற்பது ஏக்கர் அறுத்து இருபது ஏக்கர் வாங்கினால், மிச்சம் இருபது ஏக்கர் நெல், ஆயிரம் மூட்டை, அன்றிரவு திறந்தவெளியில் படுத்திருக்கிறது. மறுநாள் இரண்டாயிரம். பத்தாம் நாள் பத்தாயிரம் மூட்டை! பதினோராம் நாள் மழை வருகிறது. அந்தப் பத்தாயிரம் மூட்டையை நனைத்தது மழை மட்டும்தானா?

மெஷின் வேகமாக அறுக்கிறது. அதற்கு ஈடாக எடை போட, சாக்குப் பிடிக்க, லாரி ஏற்ற, கிடங்கில் அடுக்க ஏற்பாடு செய்தவர் யார்? இடையில் நிற்கும் அந்த இடைவெளியில்தான் நம் நெல் நனைகிறது. லாரி வராவிட்டால் எடை போட்ட மூட்டையும் வாசலிலேயே நிற்கிறது. புது மூட்டைக்கு இடமில்லை. சாக்கு தீர்ந்தால் கொள்முதலே நின்றுபோகிறது. சுமை தூக்கும் தோழர்கள் கிடைக்காவிட்டாலும் அப்படித்தான்.

பதினேழும் இருபத்திரண்டும்

அடுத்தது ஈரப்பதம். அரசாங்கம் வைத்திருக்கும் பொது அளவு 17 சதவிகிதம். அதற்கு மேல் இருந்தால் "காயவைத்துக் கொண்டு வா" என்கிறார்கள். இதைப் பற்றிச் சில விஷயங்களை நாம் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால் தெரியாதவனைத்தான் ஏமாற்றுவார்கள்.

ஒன்று: 17 என்பது வெறும் வீம்புக்கு வைத்த எண் அல்ல. ஈர நெல்லைக் குவித்தால் குவியலுக்குள் சூடு ஏறும், பூஞ்சணம் பிடிக்கும், மணி பழுப்பாகும். குறுகிய காலக் குறுவை ரகங்கள் இரண்டு மூன்று நாள் ஈரத்திலேயே முளை விட்டுவிடும். அந்த நெல்லை ஆலையில் அரைத்தால் நொய்யும் நாற்றமும்தான் மிஞ்சும். கடைசியில் அது யார் சோற்றுத் தட்டில் வந்து விழும்? ரேஷன் கடையில் வரிசையில் நிற்கும் ஆலைத் தொழிலாளி தட்டில். ஆகவே ஈர நெல்லை அப்படியே வாங்கிக் கிடங்கில் போட்டு மூடு என்று நாம் கேட்கவில்லை.

இரண்டு: பழுத்த நெல், மழையே பெய்யாவிட்டாலும், அறுக்கும்போது 20, 22 சதவிகிதம் ஈரத்தில்தான் இருக்கும். அறுவாளால் அறுத்த காலத்தில் அரி வயலில் கிடந்து காயும், களத்தில் அடித்துத் தூற்றும்போது காயும். மெஷின் அறுத்த நெல் அந்த மணி நேரமே மூட்டைக்குள் வந்துவிடுகிறது. அப்படியானால் காயவைக்கும் வேலை எங்கே போயிற்று? தார் ரோட்டுக்குப் போயிற்று! ரோட்டில் நெல், பக்கத்தில் கல், இரவில் பைக்கில் வருகிறவன் உயிருக்கு ஆபத்து. அறுக்க மெஷின் வந்தது, உலர்த்த மெஷின் வரவில்லை. இதுதான் விஷயம்.

மூன்று: 22 சதவிகித ஈரமுள்ள நூறு கிலோ நெல்லை 17-க்குக் காயவைத்தால் 94 கிலோ இருக்கும். ஆறு கிலோ தண்ணீர் ஆவியாகப் போகும். இது இயற்கைக் கணக்கு. ஆனால் "ஈர நெல்" என்று சொல்லி ஒரு வியாபாரி நூறுக்குப் பத்தும் பதினைந்தும் கழித்தால், அந்த ஆறுக்கு மேலே போனது ஆவியாகப் போகவில்லை, அவன் பைக்குள் போயிற்று. இந்த 94 என்ற எண்ணை மறக்காதீர்கள். அடுத்த தடவை பேரம் பேசும்போது உபயோகப்படும்.

2025-26 பருவத்தில் சன்ன ரகத்துக்குக் குவிண்டால் 2,545 ரூபாய், பொது ரகத்துக்கு 2,500 ரூபாய், மாநில ஊக்கத்தொகையும் சேர்த்து. அரசாங்கம் அறிவித்த விலை இது. ஆனால் வாசலில் பத்து நாள் காத்துக் கிடந்து, மழை வந்ததும் பயந்துபோய் வியாபாரியிடம் தள்ளிவிட்டவனுக்கு இந்த விலை கிடைத்ததா? விலையை அறிவிப்பது ஒரு வேலை. நேரத்தோடு வாங்குவது இன்னொரு வேலை. இரண்டாவது நடக்காவிட்டால் முதலாவது சுவரொட்டியோடு சரி.

மழைக்காலத்தில் ஈரப்பத அளவைத் தளர்த்தியதும் உண்டு. 2022 அக்டோபரில் 19 சதவிகிதம் வரை வாங்க மத்திய அரசு அனுமதித்தது. 2025-ல் மாநில அரசு 22 வரை கேட்டது, மத்தியக் குழுக்கள் வந்து பார்த்தன. நான் கேட்பது இதுதான்: ஒவ்வொரு வருஷமும் மழை பெய்த பிறகு கடிதம் எழுதி, பிறகு குழு வந்து, பிறகு மாதிரி எடுத்து, பிறகு உத்தரவு வருவது ஏன்? ஐப்பசியில் மழை பெய்யும் என்பது டில்லிக்குத் தெரியாதா? 2022-ல் கொள்முதல் பருவத்தை அக்டோபருக்குப் பதில் செப்டம்பர் 1-லேயே தொடங்கச் சம்மதித்தார்களே! குறுவைக்கு அது நல்ல மாற்றம். அதேபோல மழை மாதத்துக்குரிய ஈரப்பத விதியையும் முன்கூட்டியே அறிவித்தால் என்ன? வாங்கிய ஈர நெல்லை உலர்த்தும் இயந்திரத்தில் போட்டுப் பிறகு அடுக்கினால் என்ன?

நஷ்டம் கீழ்நோக்கி ஓடுகிறது

நம் டெல்டாவில் தண்ணீர் கிழக்கு நோக்கி ஓடும். நஷ்டமோ எப்போதும் கீழ்நோக்கி ஓடும்.

நிலச் சொந்தக்காரருக்குப் பட்டா இருக்கிறது, சிட்டா இருக்கிறது. பயிர் போனால் அவர் பெயரில் நிவாரணம் வரும். 2022 முதல் 2026 வரைக்கான பேரிடர் நிதி விதிப்படி, 33 சதவிகிதத்துக்கு மேல் பயிர் சேதமானால் பாசன நிலத்துக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய். ஏக்கர் கணக்கில் ஏழாயிரம் கூட ஆகாது. அது போதாது என்பது ஒரு விஷயம். அதையும் வாங்க முடியாதவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் விஷயம்?

குத்தகைக்கு உழுகிறவன் வயலில் பணம் போட்டவன், வியர்வை சிந்தியவன். ஆனால் அடங்கலில் அவன் பெயர் இல்லை. 1952-ல் தஞ்சைக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நம் முன்னோர்கள் அடியும் உதையும் பட்டு வாங்கிய சட்டம். 1969-ல் குத்தகை உரிமையைப் பதிவு செய்யவே தனிச் சட்டம் வந்தது. சட்டம் இருக்கிறது, பதிவு எத்தனை பேருக்கு இருக்கிறது? வாய்மொழிக் குத்தகையில் உழுகிறவன் நெல் விற்கவும் இன்னொருவர் பெயரில் போக வேண்டியிருக்கிறது.

அவனுக்கும் கீழே விவசாயத் தொழிலாளி. நாற்றுப் பறிக்கும் தாய்மார்களைக் கேளுங்கள். மழை பத்து நாள் விடாமல் பெய்தால் பத்து நாள் கூலி இல்லை. அந்தப் பத்து நாளைக்கு எந்தக் கணக்கெடுப்பிலும் ஒரு வரி இல்லை. அறுவாள் வேலையை மெஷின் எடுத்துக்கொண்டது. மிச்சம் இருந்த உலர்த்தும் வேலை, தூற்றும் வேலை, வடிகால் வெட்டும் வேலை, இவையாவது ஊரில் முறையான கூலி வேலையாக இருக்கிறதா? நெல் காயவைக்க ஆள் வேண்டும், ஊரில் ஆளுக்கு வேலை வேண்டும். இரண்டையும் சேர்த்து வைக்க ஒரு களம் வேண்டும். அவ்வளவுதான்!

ஆலைத் தோழர்களே, நீங்கள் இதைக் கேட்டுவிட்டு "இது கிராமத்தார் சமாசாரம்" என்று எழுந்து போகக் கூடாது. கோயம்புத்தூரிலும் திருப்பூரிலும் தறியிலும் தையலிலும் நிற்கிற எத்தனையோ பிள்ளைகள் இந்தக் கடைமடையிலிருந்து போனவர்கள். இங்கே நெல் நனைந்தால் அங்கே மணியார்டர் கூடுதலாக அனுப்ப வேண்டும். அரிசி ஆலையில் நிற்கிறவருக்கு நெல் கெட்டால் வேலை நாள் குறையும். ரேஷன் அரிசி கெட்டால் எல்லார் வயிறும் கெடும்.

இப்போதே செய்ய வேண்டியது

கோரிக்கையைப் பிறகு சொல்கிறேன். முதலில் நம் கையில் இருக்கிற வேலை.

வடிகாலைப் பாருங்கள். வருகிற வழியில் பார்த்தேன், காட்டாமணக்கும் ஆகாயத்தாமரையும் மண்டிக் கிடக்கிறது. கடைமடை நிலம் கடல் மட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. கடலில் அலை ஏறினால் தண்ணீர் வெளியே போகாது, திரும்பி வரும். வழியும் அடைபட்டிருந்தால் பயிர் எப்படிப் பிழைக்கும்? பெரிய வடிகால் அரசாங்கத்தின் பொறுப்பு, அதைக் கேட்டு வாங்குவோம். வயலுக்கு வயல் இருக்கும் சின்ன வாய்க்காலை இந்த வாரமே கூடி வெட்டிவிடுங்கள். மேல் வயல்காரர் கீழ் வயலில் தண்ணீரைத் தள்ளிவிட்டுச் சண்டை வளர்க்காமல், ஊரே ஒரு முறை வைத்துக்கொள்ளுங்கள்.

குறுவை அறுப்பவர்கள் அறுவடைக்குப் பத்து நாள் முன்னாலேயே தண்ணீரை வடித்துவிடுங்கள். நிலம் இறுகினால் பயிர் சாய்வது குறையும், மெஷினும் சேற்றில் புதையாது. அறுவடைத் தேதியை ஊருக்குள் பேசி வரிசை வைத்துக்கொண்டால், எல்லோரும் ஒரே நாளில் போய் வாசலில் முட்ட வேண்டாம்.

முழுகிய சம்பாவுக்கு: தண்ணீர் வடிவதற்கு முன் உரம் போட்டால் உரம் கடலுக்குப் போகும். முதலில் வடியுங்கள். பயிர் பச்சை திரும்பத் தொடங்கியதும், ஐந்து பங்கு யூரியாவுடன் நான்கு பங்கு ஜிப்சம், ஒரு பங்கு வேப்பம் புண்ணாக்குக் கலந்து ஓர் இரவு வைத்திருந்து, மறுநாள் பொட்டாஷும் சேர்த்து மேலுரமாகப் போடுங்கள். ஆண்டுதோறும் முழுகும் பள்ளத்தாக்கு நிலத்துக்கு, இரண்டு வாரம் வரை முழுகலைத் தாங்கும் சி.ஆர். 1009 சப்-1 ரகம் இருக்கிறது. அடுத்த சம்பாவுக்கு விதை வாங்கும்போது நினைவில் வையுங்கள்.

சம்பாவுக்குப் பயிர்க் காப்பீட்டுக் கெடு கடந்த வருஷங்களில் நவம்பர் 15 என்று வைத்தார்கள். கடைசி நாள் நீட்டுவார்கள் என்று நம்பிக் காத்திருக்காதீர்கள். சேதம் வந்தால் தேதியை எழுதி வையுங்கள், போனில் படம் எடுங்கள். கணக்கெடுக்க வரும் அதிகாரி ரோட்டோரம் நின்று பார்த்துவிட்டுப் போகாமல் வயலுக்குள் இறங்கும்படி கூட நில்லுங்கள்.

நம் கோரிக்கைகள்

இவற்றோடு, கலெக்டரிடம் கொடுக்கும் மகஜரில் ஆறு விஷயங்கள் இருக்க வேண்டும்.

முதலாவது: அறுவடை தொடங்குவதற்கு முன்பே கொள்முதல் நிலையங்கள் திறக்க வேண்டும். மெஷின் அறுக்கிற அளவுக்கு ஈடாக எடை போட ஏற்பாடு வேண்டும்.

இரண்டாவது: ஒவ்வொரு நிலையத்திலும் கூரை போட்ட இடமும், சிமெண்டுக் களமும், போதுமான தார்ப்பாயும், உலர்த்தும் இயந்திரமும் வேண்டும். எடை போட்ட மூட்டைகள் வாசலில் தங்காமல் லாரி வர வேண்டும்.

மூன்றாவது: மழை மாதங்களுக்குரிய ஈரப்பத விதியை மத்திய அரசு முன்கூட்டியே நிலையாக அறிவிக்க வேண்டும்.

நான்காவது: நெல் உலர்த்துவது, வடிகால் வெட்டுவது ஆகிய வேலைகளை உள்ளூர்த் தொழிலாளர்களுக்கு, ஆணுக்கும் பெண்ணுக்கும் சமகூலியில் கொடுக்க வேண்டும். சுமை தூக்குவோர் கூலியை அரசாங்கமே முழுமையாகத் தர வேண்டும், விவசாயியிடம் மூட்டைக்கு இவ்வளவு என்று யாரும் கை நீட்டக் கூடாது.

ஐந்தாவது: உழுகிறவன் பெயர் அடங்கலில் ஏற வேண்டும். நிவாரணமும் காப்பீடும் நெல் விலையும் உழுதவன் கைக்கு வர வேண்டும்.

ஆறாவது: மழையால் வேலை இழந்த தொழிலாளர் குடும்பங்களுக்கு, ஏக்கர் கணக்கில் இல்லாமல் குடும்பக் கணக்கில் நிவாரணம் வேண்டும்.

தோழர்களே! இவற்றில் எது நடக்காத காரியம்? எது வானத்திலிருந்து இறங்க வேண்டிய காரியம்? அணை கட்டத் தெரிந்த நாட்டுக்குக் களம் கட்டத் தெரியாதா?

மழையை நிறுத்து என்று நாம் யாரையும் கேட்கவில்லை. மழை வரட்டும், அது இல்லாமல் சம்பா இல்லை, தாளடி இல்லை, நமக்குச் சோறு இல்லை. வரும் என்று தெரிந்த மழைக்கு முன்னால் விளைந்த நெல்லைக் கரை ஏற்று என்றுதான் கேட்கிறோம்.

வரப்பில் நின்ற அந்தப் பெரியவர் "வீடு வந்து சேரட்டும்" என்றார். வீடு கொண்டுவந்து சேர்ப்போம், வாருங்கள்! நாளைக் காலை மண்வெட்டியோடு வடிகாலில் கூடுவோம். அடுத்த திங்கட்கிழமை மகஜரோடு கலெக்டர் ஆபீஸில் கூடுவோம்.